நிலுவைத் தலைக்கு என்ன மதிப்பு?

தபால்தலை சேகரிப்பவர்களிடையே நூறாண்டுகளுக்கும் மேலாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. கடிதம் அனுப்பியவர் தலை ஒட்டவில்லை, அல்லது போதிய அளவுக்கு ஒட்டவில்லை. பெறுபவரிடம் வசூலிக்க வேண்டிய தொகையைக் காட்டத் தபால் நிலையமே உறையில் ஒரு தலையை ஒட்டி முத்திரை குத்துகிறது. சேகரிப்பாளர்கள் 'போஸ்டேஜ் டியூ' என்று சொல்லும் இந்த நிலுவைத் தலையின் மதிப்பு எதில் இருக்கிறது? எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதிலா, அச்சின் நுணுக்கத்திலா, உண்மையாகவே பயன்பட்டதற்கான சாட்சியத்திலா, அல்லது ஏலக் கூடத்தில் சுத்தியல் விழும் நேரத்தில் இருவருக்குள் நடக்கும் போட்டியிலா?

பழைய ஆல்பங்களில் இவற்றுக்குக் கடைசிப் பக்கங்கள்தான் கிடைத்தன. கேட்டலாக்குகளிலும் அதே கதை. அமெரிக்காவின் ஸ்காட் கேட்டலாக் 'ஜே' என்ற எழுத்தையும், பிரிட்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ் 'டி' (D) என்ற எழுத்தையும் எண்ணுக்கு முன்னால் இட்டு, சாதாரணத் தலைகளெல்லாம் முடிந்த பிறகு இவற்றைப் பட்டியலிடுகின்றன. உலகின் மிக விலையுயர்ந்த தலைகள் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவற்றில், 2021இல் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் சுமார் 83 லட்சம் டாலருக்குப் போன பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மஜெண்டா தொடங்கி, நிலுவைத் தலை ஒன்றுகூட இடம்பெறுவதில்லை. ஆனால் வெறும் எண்ணும் கட்டமும் மட்டுமே உள்ள சில நிலுவைத் தலைகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. இந்த முரணுக்குப் பல காலங்களில் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன.

தலையா, ரசீதா?

மிகப் பழைய விடை ஒரு நிராகரிப்பு: இது தலையே அல்ல, தபால் நிலையத்தின் உள்கணக்குச் சீட்டு. இந்த வாதத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லாமல் இல்லை.

1840க்கு முன்பு கடிதத்துக்குப் பெரும்பாலும் பெறுபவர்தான் பணம் கொடுத்தார். ரோலண்ட் ஹில்லின் சீர்திருத்தம் அதைத் தலைகீழாக்கியது. பிரிட்டனில் முன்பணம் கட்டினால் ஒரு பென்னி, கட்டாவிட்டால் பெறுபவரிடம் இரண்டு பென்னி. இந்த இரட்டிப்பு விதி பல நாடுகளுக்கும் பரவியது. இந்தியாவில் 1854இன் தபால் சட்டத்துக்குப் பிறகும் முன்பணம் கட்டாத கடிதத்துக்கு இரு மடங்குதான். 'நாட்பெய்டு' கடிதம் என்றால் இருமடங்கு அழ வேண்டும் என்பது நம் வீடுகளில் நன்கு அறிந்த செய்தி. காசு வசூலிக்க வேண்டியிருப்பதால் தபால்காரர் அதை எப்படியும் கொண்டுவந்து சேர்ப்பார் என்ற நம்பிக்கையும் இந்தியாவில் பரவலாக இருந்தது.

சிக்கல் வசூலில்தான். ஊர் ஊராகப் போகும் தபால்காரர் வாங்கிய காசு முழுவதும் கஜானாவுக்கு வந்து சேர்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிரான்ஸ் இதற்கு ஒரு வழி கண்டது. 1859 ஜனவரி 1ஆம் தேதி வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் அச்சிட்ட, துளையிடாத 10 சென்டிம் தலை புழக்கத்துக்கு வந்தது. உலகின் முதல் நிலுவைத் தலை அதுதான். தபால் அதிகாரி அதை உறையில் ஒட்டிவிட்டால், அத்தனை தலைகளுக்கு அத்தனை காசு வந்தாக வேண்டும். அதாவது தலை தபால்காரருக்கு எதிரான சாட்சி. 1862இல் பவேரியா, 1863இல் இத்தாலி, 1870இல் நெதர்லாந்தும் பெல்ஜியமும், 1879இல் அமெரிக்கா என்று மற்ற நாடுகளும் இந்த வழிக்கு வந்தன. அமெரிக்காவில் 1879 மார்ச் 3ஆம் தேதிச் சட்டத்தின்படி அந்த ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி முறையாக நடைமுறைக்கு வந்தது. அங்கும் காரணம் கணக்குதான். தபால்தலையின் தாய்நாடான பிரிட்டனோ 1914 ஏப்ரல் 20 வரை இதைத் தள்ளிப்போட்டது; அதுவரை கையால் எழுதியும் முத்திரை குத்தியுமே ஓட்டியது. வந்தபோதும் அதிகாரபூர்வமாக அதைத் தலை என்று அழைக்கவில்லை, 'லேபிள்' என்றுதான் அழைத்தது. 'தலையல்ல' என்ற கட்சிக்கு இதுவே பெரிய பிடிமானம்.

ஆனால் இந்த நிலைப்பாடு அதிக தூரம் தாங்காது. எல்லை எங்கே என்று கேட்டால் தடுமாறுகிறது. பேடன் நாட்டின் 1862 'லாண்ட்-போஸ்ட்' தலைகள் மஞ்சள் தாளில் கறுப்பு மையில் அச்சான 1, 3, 12 குரோய்ட்ஸர் தலைகள். கிராமத் தபாலில் பெறுபவரிடம் வசூலிக்க வேண்டியவற்றுக்காக அவை பயன்பட்டன. அதனால் ஸ்காட் கேட்டலாக் அவற்றுக்குத் தனி எழுத்து கொடுத்துக் கிராம நிலுவைத் தலை என்று ஒரு பிரிவையே உண்டாக்க வேண்டியிருந்தது. 1885இல் டிரினிடாட் தன் நிலுவைத் தலைகளில் 'சர்சார்ஜ் போஸ்டேஜ்' என்று போட்டது. அமெரிக்கா 1899இல் பிலிப்பைன்ஸ், கியூபா, போர்ட்டோ ரிக்கோவுக்கான நிலுவைத் தலைகளைத் தன் நாட்டுத் தலைகளில் மேலச்சிட்டு உருவாக்கியது. பல நாடுகள் அவசரத்துக்குச் சாதாரணத் தலையையே நிலுவைத் தலையாக ஒட்டியும் இருக்கின்றன. எல்லை இவ்வளவு கலங்கலாக இருக்கும்போது, தபால்துறை வெளியிட்டு, தபால்துறை முத்திரை குத்தி, மக்களிடம் காசு வாங்கிய ஒன்றைத் தலையல்ல என்று தள்ளுவதற்கு வெறும் பெயர் ஆதாரமாகாது. இந்த வாதம் இன்று கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற இளக்காரம் விலைகளில் இன்னமும் தெரிகிறது என்பதே என் கணிப்பு.

எத்தனை மிச்சம்?

இரண்டாவது கட்சி எண்ணிக்கையை நம்புகிறது. குறைவாக அச்சிட்டது, குறைவாக மிஞ்சியது. அதனால் விலை அதிகம். கேட்க நேராக இருக்கிறது. நிலுவைத் தலைகள் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க நல்ல களம். ஏனென்றால் இவற்றின் அச்சு எண்ணிக்கை பல சமயம் சாதாரணத் தலைகளைவிட மிகக் குறைவு. அபராதம் கட்டுபவர்கள் எப்போதும் சிலர்தானே.

அமெரிக்க நிலுவைத் தலைகளில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஸ்காட் எண்ணில் ஜே59. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சென்ட், நடுவில் பெரிய '1', சுற்றிலும் வளைவுக் கோலம். 1914இல் வெளிவந்த ஜே52இலிருந்து கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லை. ஜே52 மலிவாகவே கிடைக்கும். ஜே59க்கு ஆயிரக்கணக்கான டாலர். ஏன்? 1916இல் அமெரிக்க அச்சகம் நீர்க்குறி இல்லாத தாளுக்கு மாறியது. அப்போது துளை அளவு 10தான், அதாவது இரண்டு சென்டிமீட்டருக்குப் பத்துத் துளை. 1917இல் துளை அளவு 11 ஆனது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் இடையிலான சிறிய இடைவெளியில், நீர்க்குறி இல்லாமல், துளை 10ஆக அச்சான ஒரு சென்ட் தலைகளே ஜே59. யாரும் திட்டமிட்டு உருவாக்கிய அரிய பொருள் அல்ல. இரண்டு அலுவலக முடிவுகளுக்கு நடுவே விழுந்த விபத்து.

இங்கேயே அந்த வாதத்தின் பலவீனமும் தெரிகிறது. ஜே59 அரிதுதான். ஆனால் அதைவிடக் குறைவாக மிஞ்சியிருக்கக்கூடிய எத்தனையோ காலனி நாட்டு நிலுவைத் தலைகள் இருபது முப்பது டாலருக்கு வாங்க ஆளில்லாமல் கிடக்கின்றன. ஜே59க்கு விலை கிடைப்பது எண்ணிக்கையால் மட்டும் அல்ல. அமெரிக்கத் தலைகளைக் கேட்டலாக் எண் வரிசைப்படி முழுமையாகச் சேர்க்கும் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ஆல்பத்தில் அந்த எண்ணுக்கு ஒரு காலி இடம் இருக்கிறது. அந்தக் காலி இடம்தான் விலையை உயர்த்துகிறது. எண்ணிக்கை வாதம் இதைச் சொல்வதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. 1879இல் அமெரிக்கத் தபால்துறை சேகரிப்பாளர்களுக்காக, பசையில்லாமல், அடர் பழுப்பு நிறத்தில் தன் முதல் நிலுவைத் தலைகளின் சிறப்பு அச்சுகளையும் விற்றது. உயர்ந்த மதிப்புகளில் சில நூறு தலைகள்தான் விற்றன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவை மிக அரியவை. ஆனால் அவை எந்தக் கடிதத்தையும் கண்டதில்லை. யாரிடமும் ஒரு சென்ட் வசூலித்ததில்லை. வசூலுக்காகப் பிறந்த தலை வசூலிக்காமலேயே அரிதாகிப் போனால் அதற்கு என்ன பெயர் வைப்பது? எண்ணிக்கைக் கட்சியினர் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போகிறார்கள்.

கோணம், கண்ணி, நீர்க்குறி

எண்ணிக்கை வாதத்தோடு கூடவே வளர்ந்தது நுணுக்க வாதம். அச்சுத் தட்டு, துளை, நீர்க்குறி, தாள், பிழை ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகளே தலையின் உண்மையான அடையாளம் என்கிறது அது. நிலுவைத் தலைகள் இதற்கு ஏற்ற பொருள். படம் இல்லாததால் பார்வை அலைய இடமில்லை, எழுத்தும் கோடும்தான்.

பிரான்ஸின் முதல் 10 சென்டிம் தலையையே எடுத்துக்கொள்வோம். அது இரண்டு முறைகளில் அச்சானது: முதலில் கல்லச்சு, பிறகு எழுத்தச்சு. கல்லச்சு மிக விலையுயர்ந்தது. பிரிப்பது எப்படி? தலையில் 'பெறவேண்டியது' என்று பிரெஞ்சில் அச்சிட்ட சொல்லுக்கு முன்னால் வரும் 'à' எழுத்தின் மேலுள்ள சாய்கோட்டைப் பாருங்கள். கல்லச்சில் அது 30 பாகையில் சாய்ந்திருக்கும். எழுத்தச்சில் ஏறக்குறைய 47 பாகை. 'சென்டிம்' என்ற சொல்லில் வரும் 'E' எழுத்தின் நடுக்கோடு கல்லச்சில் மிகக் குட்டை. எழுத்தச்சில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் கிட்டத்தட்டச் சமம். பூதக்கண்ணாடியோடு இதை ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு கண் தானாகவே பிடித்துவிடும்.

நெதர்லாந்தின் 1881க்குப் பிந்தைய நிலுவைத் தலைகளில் இதைவிட வேடிக்கை உண்டு. எண்ணைச் சுற்றி ஓடும் சங்கிலியில் உள்ள கண்ணிகளை எண்ண வேண்டும். 34 இருந்தால் முதல் வகை, 33 இரண்டாவது, 32 மூன்றாவது, 37 இருந்தால் நான்காவது. கண்ணியின் எண்ணிக்கை ஒன்று மாறினால் சில மதிப்புகளில் விலையும் மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் முதல் நிலுவைத் தலைகள் 1902இல் வந்தபோது, நியூ சவுத் வேல்ஸின் பழைய அச்சுத் தட்டுகளில் மாகாணத்தின் எழுத்துகளை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே பயன்படுத்தினார்கள். அதனால் தலையின் அடிப்பகுதி வெறுமையாக இருக்கிறது. அடுத்த அச்சில் அந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள். வெற்றிடம் இருக்கிறதா இல்லையா என்பது ஆஸ்திரேலியச் சேகரிப்பில் ஒரு தனி அத்தியாயம்.

நுணுக்க வாதத்தின் பலம், அது சரிபார்க்கக்கூடியது என்பது. சாய்கோட்டின் கோணத்தை யாரும் அளந்து பார்க்கலாம். பலவீனம், அதற்கு முடிவே இல்லை என்பது. எந்த வேறுபாடு ஒரு 'வகை', எது வெறும் அச்சுத் தேய்மானம் என்று தீர்மானிப்பது கேட்டலாக் ஆசிரியர்கள். அவர்கள் ஒரு வேறுபாட்டுக்கு எண் கொடுத்தால் அதற்குச் சந்தை உண்டாகிறது. அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டால் சந்தை சுருங்குகிறது. ஒரு தலை மாறவில்லை, பட்டியல்தான் மாறியது. இது விலையை விளக்குமே தவிர மதிப்பை விளக்காது.

உறையோடு இருந்தால்தான்

மூன்றாவது நிலைப்பாடு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. தபால் வரலாறு என்ற துறையை ஆங்கிலம் பேசும் உலகில் பரப்பியவர் என்று பொதுவாகச் சொல்லப்படும் ராப்சன் லோ (1905–1997) போன்றவர்களின் செல்வாக்கு இதில் உண்டு. தலையைத் தனியாகப் பார்ப்பது அரைகுறை. அது ஒட்டிய உறை, முத்திரைகள், கட்டணம், வழி ஆகியவற்றோடு சேர்ந்துதான் அதற்கு அர்த்தம் என்பது இவர்களின் கொள்கை. சாதாரணத் தலைக்கே இது பொருந்தும் என்றால், நிலுவைத் தலைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஏனென்றால் இது ஒரு தவறின் அல்லது ஏழ்மையின் அல்லது அலட்சியத்தின் பதிவு. அந்தத் தவறு உறையில்தான் இருக்கிறது.

வெளிநாட்டுக் கடிதம் ஒன்றில் என்ன படிக்கலாம் என்று பாருங்கள். பன்னாட்டுத் தபால் ஒன்றியத்தின் தொடக்க காலம் முதலே கட்டணக் குறைவான கடிதத்தில் 'டி' (T) என்ற எழுத்தைக் குத்துவது வழக்கம். 1966 தொடங்கி அதோடு ஒரு பின்னமும் சேர்ந்தது. மேலே பற்றாக்குறையின் இரட்டிப்பு. கீழே அனுப்பிய நாட்டின் வெளிநாட்டுக் கடிதக் கட்டணம். கட்டணம் 60 சென்டிம், அனுப்பியவர் ஒட்டியது 45 என்றால் குறைவு 15, இரட்டித்தால் 30. உறையில் '30/60' என்று எழுதுவார்கள். பெறும் நாட்டில் வெளிநாட்டுக் கடிதக் கட்டணம் எட்டுப் பென்னி என்றால் அதில் பாதி, நான்கு பென்னிக்கு நிலுவைத் தலை ஒட்டி வசூலிப்பார்கள். இரண்டு நாணயங்கள், இரண்டு நாட்டுக் கட்டண அட்டவணைகள், ஒரு சிறு கணக்கு எல்லாம் ஒரே உறையில். அந்தத் தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து ஆல்பத்தில் ஒட்டினால் இந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சாது.

பேடனின் லாண்ட்-போஸ்ட் தலைகள் இந்த வாதத்துக்கு மிக வலுவான ஆதாரம். மிச்சமிருந்த தலைகள் பின்னர் பெருமளவில் சேகரிப்பாளர்களிடம் விற்கப்பட்டதால், பயன்படுத்தாத தலைகள் மலிவு. உண்மையாகப் பயன்பட்ட 12 குரோய்ட்ஸர் அரிது. உறையோடு இருப்பது மிக அரிது. அதைப் பாதியாகவும் கால்பங்காகவும் வெட்டிப் பயன்படுத்திய உறைகள் அறியப்பட்டிருக்கின்றன. அவை பேடன் சேகரிப்பின் உச்சங்களில் இருக்கின்றன. சாதாரணத் தலைகளில் புத்தம் புதியது விலை அதிகம், பயன்பட்டது குறைவு என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். நிலுவைத் தலைகளில் இந்தத் தலைகீழ் நிலை பரவலாகவே உண்டு.

நமக்கு அருகிலும் ஒரு சான்று இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியா நிலுவைத் தலை வெளியிடவில்லை. ரப்பர் முத்திரையும் பேனாவுமே போதும் என்று இருந்தது. ஆனால் புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சு இந்தியாவில் 1923இல் பிரான்ஸின் நிலுவைத் தலைகளிலேயே உள்ளூர் நாணயத்தை மேலச்சிட்டார்கள்: பத்து சென்டிம் தலை ஆறு காசு, இருபத்தைந்து சென்டிம் தலை பன்னிரண்டு காசு. இருபத்து நான்கு காசு ஒரு பணம், எட்டுப் பணம் ஒரு ரூபாய் என்ற கணக்கு. 1929இல் சொந்த வடிவமைப்பு வந்தது. 1954 நவம்பரில் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியதோடு அவை ஓய்ந்தன. கோவாவில் போர்த்துகீசியர்கள் 1904இல் தனியாக நிலுவைத் தலை போட்டார்கள். பயன்படுத்தாத நிலையில் இவை எளிதாகவே கிடைக்கும். புதுச்சேரி வீதிகளில் உண்மையாகவே தபால்காரர் வசூலித்த ஓர் உறையில் இவற்றைக் காண்பது வேறு விஷயம். மலாயாவின் நிலுவைத் தலைகளும், அங்கு வேலைக்குப் போன தமிழர்களுக்கு ஊரிலிருந்து சென்ற கடிதங்களில் ஒட்டப்பட்டிருக்கக்கூடியவை என்பதால், நம் சேகரிப்பாளர்களுக்கு அந்நியமானவை அல்ல.

இந்தக் கட்சிக்கும் பலவீனம் உண்டு, அதுவும் சிறிதல்ல. நிலுவைத் தலையின் உறை போலியாக்குவதற்கு மிக எளிதானது. 'டி' முத்திரை மட்டும் விழுந்து, நிலுவைத் தலை ஒட்டப்படாமல் போன உண்மையான பழைய உறை ஒன்றை மலிவாக வாங்கி, அதில் விலையுயர்ந்த தலை ஒன்றை ஒட்டி, முத்திரையை நீட்டிவிட்டால் போதும். மேலும், சேகரிப்பாளர்களே வேண்டுமென்று குறைவாகத் தலை ஒட்டித் தங்களுக்கே கடிதம் அனுப்பிக்கொண்ட உறைகள் ஏராளம். சிறிய தீவுகளில் இருந்து வந்த நிலுவைத் தலை உறைகளில் எது உண்மையான தபால், எது சேகரிப்பாளரின் ஏற்பாடு என்று பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம். முத்திரை உண்மை, தலை உண்மை, கட்டணக் கணக்கும் சரி. ஆனால் அந்தக் கடிதம் எழுதப்பட்டதே அந்தத் தலைக்காக. 'உண்மையான பயன்பாடு' என்ற அளவுகோல் அங்கே நழுவுகிறது.

ஏலம் சொல்வதும் சொல்லாததும்

இத்தனை சர்ச்சைக்கும் முடிவு ஏல விலைதான் என்பது வியாபாரிகளின் நிலைப்பாடு. பாரிஸில் 1865இல் தபால்தலை ஏலம் நடந்தது. 1870இல் நியூயார்க்கில் ஜே. டபிள்யூ. ஸ்காட் நடத்தினார். இன்று நியூயார்க்கின் சீகல், ஜெர்மனியின் ஹைன்ரிஷ் கோலர், சூரிச்சின் கொரின்ஃபிலா, லண்டனின் ஸ்பிங்க் போன்ற நிறுவனங்களின் முடிவுகளை யாரும் தேடிப் பார்க்கலாம். ஏல விலை என்பது ஊகம் அல்ல, நடந்த வியாபாரம் என்பதால் அதற்குத் தனி மரியாதை உண்டு.

கேட்டலாக் விலையோடு ஒப்பிட்டால் இந்த மரியாதை நியாயமானதே. ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக்கின் விலை, அந்த நிறுவனம் நல்ல நிலையில் உள்ள தலையை விற்கும் விலை. ஸ்காட்டின் விலை 'மிக நல்ல' தரத்துக்கான சில்லறை வழிகாட்டி. சாதாரண நிலுவைத் தலைகள் ஏலத்தில் அந்த விலையின் ஒரு பகுதிக்குத்தான் போகின்றன. கேட்டலாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தாத்தாவின் ஆல்பத்துக்குக் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஆனால் ஏல விலையையும் கடைசி வார்த்தையாகக் கொள்ள முடியாது. விலை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். இருவர் போட்டியிடுகிறார்கள், தோற்றவர் நிறுத்திய இடத்துக்கு ஒரு படி மேலே சுத்தியல் விழுகிறது. ஆகவே ஏல விலை சொல்வது, வென்றவர் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தார் என்பதை அல்ல. இரண்டாமவர் எங்கே களைத்தார் என்பதை. நிலுவைத் தலைகளில் ஒரு குறிப்பிட்ட பொருளைத் துரத்துபவர்கள் உலகம் முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருக்கலாம். அவர்களில் ஒருவர் அன்று ஊரில் இல்லை என்றால் விலை பாதியாகும். அடுத்த முறை இருவரும் வந்தால் இரட்டிப்பாகும். இந்த மெல்லிய சந்தையில் ஒரே ஒரு ஏல முடிவை 'மதிப்பு' என்று சொல்வது ஆபத்து. வென்றவர் சுத்தியல் விலைக்கு மேல் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணம் வழக்கமாக 15 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். ஏலப் பட்டியல்கள் சில சமயம் அதைச் சேர்த்தும், சில சமயம் சேர்க்காமலும் விலையைக் காட்டுகின்றன. இரண்டு முடிவுகளை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் ஒப்பீடே வீண்.

இன்னொன்று: நிலுவைத் தலைகளில் பெரும்பகுதி தனித்தனியாக ஏலத்துக்கு வருவதே இல்லை. ஒரு நாட்டின் மொத்தச் சேகரிப்பின் ஓர் ஓரமாக, ஒரே கட்டாகப் போகின்றன. அதனால் தனித் தலைக்கான விலைப் பதிவு மிகக் குறைவு. ஏலம் மட்டுமே நீதிபதி என்பவர்கள், பெரும்பாலான வழக்குகள் அந்த நீதிமன்றத்துக்கே வருவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 2000களில் வலுப்பெற்ற தர எண் முறை இந்த நிலையை ஓரளவு மாற்றியது. தலையின் மையம், ஓரம், துளைகள், பசை ஆகியவற்றைப் பார்த்து நூறு வரை மதிப்பெண் போடுகிறார்கள். 98 வாங்கிய ஒரு சாதாரண நிலுவைத் தலை, 80 வாங்கிய அதே தலையைவிடப் பல மடங்கு விலைக்குப் போகலாம். இது அரிய தலையின் விலை அல்ல. அரிய நிலையின் விலை. பசை எவ்வளவு மாசுபடாமல் இருக்கிறது என்பதற்கும் அந்தத் தலையின் தபால் வரலாற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உறைக் கட்சிக்காரர்கள் இந்த முறையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் காசு அங்கேதான் போகிறது.

போலிகளும் சான்றிதழும்

எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், கடைசியில் அனைவரும் ஒரே கதவைத் தட்டுகிறார்கள்: நிபுணர் சான்றிதழ். லண்டனின் ராயல் ஃபிலாட்டலிக் சொசைட்டியின் நிபுணர் குழு 1894 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. நியூயார்க்கின் ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் 1945இல் தொடங்கியது. ஜெர்மனியில் இதற்கென்றே நிபுணர்களின் சங்கம் இருக்கிறது.

ஏன் வேண்டும் என்பதற்கு ஜே59 போதும். துளை 11 உள்ள மலிவான தலையின் துளைகளை வெட்டி, துளை 10ஆகப் புதிதாகப் போட்டால் ஜே59 தயார். அல்லது நீர்க்குறி உள்ள ஜே52ஐ அப்படியே விற்கலாம். அமெரிக்க நீர்க்குறியின் எழுத்துகள் தாளில் இடைவெளி விட்டுப் பரவியிருப்பதால் சில தலைகளில் ஓர் எழுத்தின் சிறு மூலை மட்டுமே விழுந்திருக்கும். அவசரக் கண்ணுக்கு அது இல்லை என்றே தோன்றும். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த பிறகு, 1942இல் மலாயா தபால் ஒன்றியத்தின் நிலுவைத் தலைகளிலும் ஜோகூர், திரங்கானு தலைகளிலும் சதுர முத்திரை குத்தினார்கள். கையால் குத்திய அந்த முத்திரையை யாரும் குத்தலாம், குத்தினார்கள். இன்று இவற்றைச் சான்றிதழ் இல்லாமல் வாங்குவது விவேகமில்லை.

சான்றிதழ் வந்ததால் சர்ச்சை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. தலை உண்மையா என்று நிபுணர் சொல்ல முடியும். முத்திரை காலத்துக்குப் பொருந்துகிறதா என்றும் சொல்ல முடியும். அந்த உறையில் அந்தத் தலை முதலிலேயே ஒட்டப்பட்டதா என்பதைக் கூறுவது கடினம். கடிதம் உண்மையான தேவைக்கு எழுதப்பட்டதா என்பதை எந்தச் சான்றிதழும் கூறாது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

இந்த விடைகளில் 'தலையே அல்ல' என்பது வீழ்ந்துவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். எண்ணிக்கையும் நுணுக்கமும் விலையின் ஒரு பகுதியை விளக்குகின்றன. ஆனால் ஆல்பத்தின் காலி இடத்தையும் கேட்டலாக்கின் எண்ணையும் கணக்கில் எடுக்காமல் அவற்றால் நிற்க முடியாது. பயன்பாட்டின் சாட்சியமே மையம் என்ற கருத்துதான் இன்று ஆய்வாளர்களிடம் வலுவானது. ஆனால் சந்தையில் அதற்கு இன்னும் முழு இடம் கிடைக்கவில்லை. நல்ல நிலுவை உறைகள், அவற்றில் உள்ள செய்தியோடு ஒப்பிட்டால், மலிவாகவே போகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

திறந்திருக்கும் கேள்விகளில் முக்கியமானது, பெரும்பாலான நாடுகளுக்கு உண்மையில் பயன்பட்ட நிலுவைத் தலைகள் எத்தனை மிஞ்சியுள்ளன என்ற கணக்கு. பேடன் போன்ற சில இடங்களுக்கு நிபுணர்கள் உறைகளை எண்ணி வைத்திருக்கிறார்கள். புதுச்சேரி, கோவா, சான்சிபார், மலாயா போன்றவற்றில் அந்த வேலை இன்னும் பரவலாக நடக்க வேண்டும். சேகரிப்பாளர் தயாரித்த உறைகளை எப்படித் தனியாகப் பிரிப்பது, அவற்றுக்கு என்ன விலை நியாயம் என்பதும் தீராத கேள்வி.

இன்னொரு பக்கம், பொருளின் வரத்து நின்றேவிட்டது. பிரான்ஸ் 1982–83இல் வண்டுகளின் படங்களோடு கடைசி வரிசையைப் போட்டு, 1988இல் நிலுவைத் தலையை நிறுத்தியது. அமெரிக்காவின் கடைசி 17 சென்ட் தலை 1985இல் வந்தது. பிரிட்டனிலும் இப்போது நிலுவைத் தலை இல்லை. இனி புதியவை வரப்போவதில்லை. ஆகவே இருப்பதை என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

வீட்டில் பழைய உறைகள் இருந்தால், அவற்றில் 'டி' முத்திரையோ நிலுவைத் தலையோ இருந்தால், தலையைப் பிரித்தெடுக்காதீர்கள். உறையை மடிக்காமல், முன்பக்கமும் பின்பக்கமும் தெரியும்படி, அமிலமில்லாத உறைக்குள் வைத்து, ஒரு நிபுணரிடம் காட்டுங்கள்.